கதவில் ஒட்டிய பிழைச்செய்தி

போன வாரம் போர்மேன் அண்ணாச்சி கொண்டுவந்து போட்ட தாள் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. நான்கு மூலையிலும் பசை, ஓரமெல்லாம் அலுமினியப் பொடி படிந்த விரல் தடம். அதிலிருந்து பட்டாசு மருந்து வாடை மூக்கில் ஏறும்போதெல்லாம் உன் மேல்தான் கோபம் வருகிறது. செத்தவனைத் திட்டக்கூடாதாம். நான் திட்டுவேன்.

ஆமத்தூர் பக்கத்துப் பட்டாசுக் கம்பெனிக்காக நாம் இரண்டு பேரும் செய்த குட்டிக் கணினி மொழி நினைவிருக்கிறதா? எந்த மருந்து எந்த அறைக்குப் போகிறது என்று போர்மேன் அதில் எழுத வேண்டும். காயாத மருந்து, வெடிக்குள் மருந்தை அடைக்கும் செலுத்தும் அறைக்குப் போனால் தானாகச் சூடேறி வெடித்துவிடும். அப்படி எழுதினால், எழுதியதைச் சரிபார்த்துக் கணினிக்குப் பெயர்க்கும் நம் கம்பைலர் மறுக்க வேண்டும். அதற்காகத்தான் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு டைப் வைத்தோம். இது ஈரம், இது காய்ந்தது என்று சொல்லும் முத்திரை.

அந்த டைப்புகளை எழுதத் தனி இலக்கணம் வைப்போம், பிழையையும் நாமே நம் வார்த்தையில் சொல்வோம் என்றேன். நீயா கேட்பாய்? நாம் வேலை பார்த்த ‘ஃபங்ஷனல்’ வகைக் கணினி மொழியின் டைப்புகளுக்குள்ளேயே நம்முடையதையும் பதித்துவிட்டாய். ‘ஈரம் -> காய்ந்தது’ என்று திரையில் பளிச்சென்று நின்றது.

“எம்புட்டு அழகா இருக்கு பாருலே! சரிபாக்குற வேலையையும் அந்த மொழியே பாத்துக்கிடும். நமக்கு எதுக்கு மாப்ள வெட்டி வேலை?” என்றாய்.

“தப்பு வந்தா அது பேசுற பாஷை அண்ணாச்சிக்குப் புரியுமாலே?”

“அத அப்புறம் பாத்துக்கிடலாம்.”

அப்புறமாம்! சாத்தூர் டீக்கடையில் அந்தச் சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்தோம். மறுவாரம் மஞ்சள் காமாலை என்று படுத்தாய். அவ்வளவுதான்.

போன வாரம் அண்ணாச்சி அவசரத்தில் ஈர மருந்தைச் செலுத்தும் அறைக்கு எழுதிவிட்டார். உன் கம்பைலர் மறுத்தது. எப்படி? அந்த மொழியின் உள் விவகாரம் அத்தனையையும் ஒரு பக்கம் முழுக்க இங்கிலீஷில் கொட்டியது. அவர் அதை அச்செடுத்து, அறைக் கதவிலேயே ஒட்டிவிட்டார்.

“இம்புட்டு இங்கிலீஷ் இருக்கவும் பெர்மிட்டுன்னுல்ல தம்பி நெனச்சேன்” என்றார். அவர் பார்த்த லைசென்ஸ் தாளெல்லாம் அப்படித்தான் இருக்கும். தாளில் இருந்ததை நான் விளக்கினேன். “அப்ப அது வேணாம்னா சொல்லுச்சு?” என்று கேட்டபோது அவர் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

தாளை ஒட்டிய அன்றைக்கு நல்லவேளையாகத் தூறல் விழுந்ததால் வேலையை நிறுத்தினார்கள். அந்த அறையில் உட்கார வேண்டிய பெண்கள் டிபன் தூக்கோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

நீ பதித்ததையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். தனி இலக்கணம் எழுதினேன். அதே தப்பை அண்ணாச்சியையே மறுபடி எழுதச் சொன்னேன். ‘மருந்து ஈரமா இருக்கு. செலுத்தக் கூடாது’ என்று ஒரே வரி வந்தது. வாய்விட்டுப் படித்தார். “இது வெளங்குதுல்ல” என்றார்.

எந்த மருந்து எங்கே போகக்கூடாது என்ற உன் விதிகளில் ஒன்றைக்கூட நான் தொடவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தன, பாவி. அதுதான் கூடுதல் எரிச்சல்.

நம் சண்டையில் நான் ஜெயித்துவிட்டேன். ஆனால் இன்னமும் ஒவ்வொரு வரி எழுதியதும் கை தானாக நின்றுவிடுகிறது, நீ குறுக்கே பேசுவாய் என்று. ஏதாவது சொல்லித் தொலையேன்லே.