ஏழு அடுப்பும் எரிந்த நாள்

மதினி,

காலையில் புதுச் சுவருக்குத் தண்ணீர் விட்டேன். ஈரச் சிமெண்டு வாசம் மூக்கில் ஏறியதும் உன் நினைப்பு வந்துவிட்டது. ஒரு நாளாவது சுவர் வைத்த வீட்டில் நீ படுத்திருக்கிறாயா?

திருவாடானைக்கு வெளியே ரோட்டோரத்தில் நம் ஏழு குடும்பமும் கூடாரம் போட்டிருந்தோம். ஆள் குடியிருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் மனைப்பட்டா தருவோம் என்று தாலுகா ஆபீசில் சொல்லிவிட்டார்கள். அதிகாரி வருவதாகச் சொன்னது ஆடி அமாவாசைக்கு முதல் நாள். ராமேஸ்வரத்தில் ஊசி பாசி விற்காமல் அந்த நாளை யார் விடுவார்கள்?

"மூணு தடவை வாரேன்னுட்டு வராதவுக, இப்ப மட்டும் வந்துருவாகளாக்கும்?" என்று எல்லோரையும் கிளப்பியது நான்தான். நீ வரமாட்டேன் என்றாய். உடம்பு வளையாதவள் என்று அத்தனை பேர் முன்னால் ஏசினேன்.

"போடி, ஒன் வாயி பாசிமாலையவிட நீளம்" என்று சிரித்தாய்.

அதிகாரி வந்துவிட்டார். நடந்ததையெல்லாம் டீக்கடைக்காரர்தான் பிறகு சொன்னார். ஏழு கூடாரத்திலும் அடுப்பு எரிந்ததாம்.

"ஒத்த ஆளு ஏழு அடுப்புல என்னம்மா சமைக்கிற?"

"சுடுதண்ணி சார். யாவாரத்துக்குப் போன சனம் நாளைக்குத் திரும்பிரும்."

"ஆள் இல்லையே, நான் எப்படி எழுதுறது?"

"நீங்க இங்கன வந்திருக்கீக. அதுக்காக ஒங்களுக்கு வீடே இல்லன்னு எழுதிருவாகளா?"

அவர் சிரித்துவிட்டு, நீ சொல்லச் சொல்ல ஏழு பெண்களின் பேரையும் எழுதினாராம். முதல் பேர் என்னுடையது. அதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. ஏசினவள் பேரைக் கடைசியில் சொல்லியிருக்கக் கூடாதா? பட்டா வருவதற்குள் நீ போய்ச் சேர்ந்தாயே, அதற்கும் கோபம்தான்.

நேற்று, பஸ் ஸ்டாண்டு பக்கம் கூடாரம் போட்டிருக்கும் ஒரு பெண்ணை ஆபீசுக்குக் கூட்டிப் போனேன். பட்டா கேட்டுப் போன அன்று நம்மை வாசலில் நிற்க வைத்த அதே குமாஸ்தா. அந்த மூஞ்சியை மறப்பேனா? எங்களுக்கு நாற்காலி போடும்வரை நான் மனுவை நீட்டவில்லை. போட்டார். மனுவை வாங்கிக்கொண்டு, இந்த வாரத்தில் வந்து பார்ப்போம் என்றார்.

அவள் முகம் வாடிவிட்டது. புருசனும் அவளும் தொண்டித் திருவிழாவில் வியாபாரம் பார்க்கப் போக வேண்டுமாம்.

"நீ போ ஆத்தா. அவுக வாரப்ப ஒன் கூடாரத்துல நான் இருப்பேன்" என்றேன்.

விடிந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அங்கே கிளம்புகிறேன், மதினி.