உருளியும் மூன்று விரலும்

ஜூன் 16, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. மட்டாஞ்சேரி ஜூ டவுன் தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். பழம்பொருள் கடையில் இன்று வெண்கலம் துலக்கும் முறை என்னுடையது. புளி தீர்ந்துவிட்டது, வாங்க வேண்டும். செருப்பு வாரும் போச்சு.

காலையில் மேனேஜர் பாபு சேட்டனிடமிருந்து எனக்கு மெசேஜ்: "வலிய உருளி மாத்தி வெக்கு." மலையாளத்தை இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பார், நான் எழுத்துக் கூட்டிப் படித்துக்கொள்வேன். மலையாள எழுத்து எனக்கு பஸ் போர்டு அளவுக்குத்தான். பெரிய வெண்கல உருளியை உள்ளறையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து வாசல் பக்கம் மாற்றி வைத்தேன். தண்ணீர் ஊற்றி நாலு செம்பருத்தியும் மிதக்கவிட்டேன். இடுப்பு விட்டுப் போயிற்று. ஆனாலும் அழகு. கடைப் படி ஏறி வந்த விற்பனைப் பெண் ரம்லாகூட "அடிபொளி சேச்சி" என்றாள்.

சாப்பாட்டுக்கு முன்னாலேயே அதை விற்றும்விட்டாள். பெங்களூர் ஜோடி ஒன்று. கெட்டிக்காரி. கடைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

மாலை. பா.சே. வந்தார். உருளி எங்கே என்றார். சொன்னதும் ஒரே கத்தல், எல்லாம் ரம்லாவிடம். "அது ஹோட்டல்கார் புக் செய்ததாணு! தொடான் பாடில்லான்னு ஞான் பறஞ்சதல்லே? கமிஷனு வேண்டி நீ எடுத்து விற்றதல்லே?" நாளையிலிருந்து அவள் வர வேண்டாமாம்.

தொடக்கூடாது என்று எப்போது சொன்னார்? மாற்றி வைக்கச் சொன்னதே அவர்தான். பச்சைப் பொய். நான் அலமாரிக்குப் பின்னால் துணியும் கையுமாக நின்றேன். என்மேலேயே வெறுப்பு.

ரம்லா குடையை மறந்துவிட்டு நனைந்துகொண்டே போனாள். அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

அதே நாள், படுக்கும் முன்

இப்போதுதான் உறைத்தது. பா.சே. அனுப்பும் மெசேஜ் மறுநாள் தானாக மறைந்துவிடும், போனில் அப்படி வைத்திருக்கிறார். நாளைக் காலைக்குள் அதைப் படம் பிடித்தாக வேண்டும். போய்விட்டால் என் பேச்சை யார் கேட்பார்கள்?

ஜூன் 17, செவ்வாய்

மழை விடவில்லை. சட்னி கருகியது. கவனம் முழுக்க போனில்.

நித்யாவைக் கூப்பிட்டேன், திருப்பூணித்துறை ஹாஸ்டலுக்கு. மகள் தூக்கக் கலக்கத்தில். "பவர் பட்டனும் வால்யூம் குறைக்கற பட்டனும் ஒண்ணா அமுக்கு அம்மா. மனசிலாச்சா?" மனசிலாச்சு. ஆனால் போன மாதம் போன் கீழே விழுந்ததிலிருந்து வால்யூம் பட்டன் உள்ளே போய்க் கிடக்கிறது. ஹேர்பின்னால் குத்தினேன். அணைக்கவா என்று கேட்டது போன். பதறி எதையோ தொட்டேன், அணைந்தே போயிற்று. உயிரே இல்லை எனக்கு. திரும்ப வருவதற்குள் குலதெய்வத்துக்கு என்னென்னவோ நேர்ந்துகொண்டேன்.

மெசேஜ் இருந்தது.

வீட்டுக்காரர் போனில் பிடிக்கலாமென்றால் அது பழைய பட்டன் போன், அதையும் எடுத்துக்கொண்டு பிராட்வே கடைத்தெருவுக்கு வேலைக்குப் போய்விட்டார்.

மறுபடி நித்யா. "செட்டிங்ஸ்ல போய் ஆன் பண்ணு. பிறகு மூணு விரல வெச்சு மேலேந்து கீழ இழு. மெதுவா." ஆன் செய்தேன். இழுத்தேன். எதுவும் நடக்கவில்லை. இரண்டு விரலைத்தான் ஏற்கிறது. புளியும் சாம்பலும் தேய்த்துத் தேய்த்து என் விரல் நுனி மரத்துக் கிடக்கிறது, கண்ணாடிக்கு அது விரலாகவே தெரியவில்லை போல. சோப்புப் போட்டுக் கழுவினேன். தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன். இழுத்தால் வேறு பக்கத்துக்குப் போய் நித்யாவின் முகம் போட்ட முகப்புதான் பதிகிறது. ஒன்றல்ல, ஏழெட்டு நித்யா. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

கடைசியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு இழுப்பு. டக். திரை சுருங்கி மூலைக்குப் போயிற்று. "வலிய உருளி மாத்தி வெக்கு", அவர் பெயரோடு, தெளிவாக. அழுதுவிட்டேன். கொஞ்ச நேரத்தில் அங்கே மெசேஜ் காணோம். படம் மட்டும் என்னிடம்.

ரம்லாவுக்குப் போன். "பயப்படாதே, ஆதாரம் இருக்கு" என்றேன். அவள், "சேச்சி, உம்மாவோடு ஞான் இதுவரெ பறஞ்சிட்டில்லா." அம்மாவுக்குத் தெரியாமல், காலையில் வேலைக்குக் கிளம்புவதுபோல் கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறாள்.

மாலை. படத்தை நித்யாவுக்கு அனுப்பினேன், சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க. உடனே கூப்பிட்டாள். சிரிப்பு.

"அம்மா, மாத்தி வெக்குன்னா இடம் மாத்தறது இல்ல."

"பின்னே?"

"தனியா எடுத்து வெக்கறது. ஆருக்கும் கொடுக்காம. அவர் சரியாத்தான் சொல்லியிருக்கார்."

உருளியை வாசலுக்குத் தள்ளியது நான்தான் என்று சொன்னேன். அவள் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள்.

மட்டாஞ்சேரிக்கு வாழ வந்து இருபது வருஷம். மீன்காரர் தினமும் சொல்வார், "சேச்சிக்கு மாத்தி வெச்சிட்டுண்டு" என்று. நல்ல மீனாக மாற்றி வைத்திருக்கிறார் என்று நினைத்து, நன்றி வேறு சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்! மண்டு.

பொய் சொன்னது பா.சே. இல்லை. உருளியை வாசலில் விற்பனைக்கு வைத்தது ரம்லாவும் இல்லை.

ஜூன் 18, புதன்

தூறல். வாங்க: புளி, சோப்பு, செருப்புக்கு வார்.

படத்தை அழித்துவிட்டால் யாருக்கும் தெரியாது. குப்பைத்தொட்டி அடையாளத்தைத் தொட்டேன். அழிக்கவா என்று கேட்டது. நேற்று அவ்வளவு மல்லுக்கட்டிய போன், இதற்கு மட்டும் ஒற்றை விரல் போதும் என்கிறது. வேலை போனால் இந்த வயதில் யார் எடுப்பார்கள்? நித்யாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு. வேண்டாம் என்பதை அமுக்கினேன். போனைத் தலையணைக்கடியில் வைத்தேன். திரும்ப எடுத்தேன்.

ரம்லா இன்றும் பஸ் ஸ்டாண்டில். உம்மா கட்டிக் கொடுத்த சோற்றை அங்கேயே சாப்பிட்டாளாம். அதைக் கேட்ட பிறகு என்னால் முடியவில்லை.

பா.சே. சரக்கு எடுக்கத் திருச்சூர் போயிருக்கிறார். போனில் சொன்னேன், உருளியை வாசலில் வைத்தது நான்தான் என்று. நம்பவில்லை. "சேச்சி வெறுதெ அவளெ ரக்ஷிக்கண்டா." அவளைக் காப்பாற்றப் பொய் சொல்கிறேனாம்! வைத்துவிட்டார்.

படத்தை அனுப்பினேன். கூடவே குரல் மெசேஜ்: "இதைத் தமிழா படிச்சுட்டேன் சேட்டா. இடம் மாத்தணும்னு நினைச்சேன். அந்தப் பொண்ணு மேல தப்பு இல்ல." குரல் நடுங்கியது. திரும்பப் பேசி அனுப்பவில்லை, நடுக்கத்தோடேயே போகட்டும்.

இரண்டு டிக். நீலமாயிற்று. அரிசி களைந்தேன். போனைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். இவர் வந்து "ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

கடை குரூப்பில் வந்தது: "ரம்லா நாளெ முதல் வரட்டே."

அப்பாடா, நாளையிலிருந்து அவள் வரலாம்.

பிறகு எனக்குத் தனியாக, ஒரே சொல்: "மதி."

போதும் என்று அர்த்தம், தெரியும். ஆனால் எனக்குத் தெரிந்த மலையாளத்தை இனி நான் நம்பமாட்டேன். மூன்று விரல். முதல் இழுப்பிலேயே பதிந்தது. நித்யாவுக்கு அனுப்பினேன்: இதற்கு என்ன அர்த்தம்?

நித்யா: "போதும்னுதான் அம்மா. பேசினது போதும்னா, நீ வேலைக்கு வந்தது போதும்னா, அது எனக்கும் தெரியல."

ஜூன் 19, வியாழன்

மழை இல்லை. நித்யாவிடமிருந்து இரண்டு மிஸ்டு கால். ரம்லா காலையிலேயே கூப்பிட்டு, "சேச்சி, ஒருமிச்சு போகாம்" என்றாள், சேர்ந்தே போகலாமாம், தெருமுனையில் நிற்கிறாள். அவளுடைய குடையை எடுத்துக்கொண்டேன். மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டேன்.