வெளியூரில் நமக்கு ஓர் ஆள்

என் வாயாடிக்கு,

நீ போய் நாலு மாசம் ஆகுது. உன் மேல கோபமாத்தான் இருந்தேன், மறைக்கல. நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கு வெல்டிங் சொல்லிக்கொடுத்து, நம்ம ஊர்த் தொழிற்சாலையிலேயே வேலைக்குச் சேர்க்கணும்னு மேனேஜர் காலைப் பிடிக்காத குறையா நான் கேட்டு வாங்கின பயிற்சி அது. அதுல முதல்ல தேறின நீயே தூரத்துல கப்பல் கட்டற தளத்துக்குப் போயிட்டே.

மேனேஜர் சும்மா விடுவாரா? "நீங்க கத்துக்கொடுப்பீங்க, அவங்க பறந்துடுவாங்க. இந்தத் தடவை ஆறு பேராவது தேறலைன்னா வெளியூர் ஆளுங்களையே எடுத்துக்கறேன் மேடம்"னார்.

இருக்கிற ஒன்பது பேருக்கும் எல்லாம் வந்துடுச்சு. தலைக்கு மேலே இருக்கிற குழாயை ஒட்டறது மட்டும் வரல. உருகின இரும்பு சொட்டினதும் கையைப் பின்னாடி இழுத்துடறாங்க. எனக்கும் புரியவைக்கத் தெரியல. அப்பத்தான் உன் சிநேகிதி தயங்கித் தயங்கி போனை நீட்டினா. "திட்டாதீங்க டீச்சர். அவதான் அனுப்பினா."

ஏழு வீடியோ. எல்லாத்துலயும் உன் குரல். "முழங்கையை விலாவோட ஒட்டி வை. மூச்சை அடக்காதே." இது நான் சொல்லித் தந்ததில்லை, நீ அங்கே போய்க் கத்துக்கிட்டது.

நேத்து தேர்வு. எட்டு பேர் தேறிட்டாங்க. மிச்சம் ஒருத்தியும் அடுத்த மாசம் தேறிடுவா, எனக்குச் சந்தேகமே இல்லை. "எப்படி மேடம்?"னு மேனேஜர் கேட்டார். "வெளியூர்ல நமக்கு ஓர் ஆள் இருக்கு"ன்னேன்.

நீ கிளம்பின அன்னிக்கு எல்லார் முன்னாடியும் உன்னை 'துரோகி'ன்னு சொல்லியிருக்கக் கூடாது.

வீடியோவுல உன் இடது கையுறை கிழிஞ்சிருக்கு. புது ஜோடி அனுப்பியிருக்கேன். போட்டுக்கோ.

உன் அம்மா