பச்சை முட்டையும் பூமியும்

ஐப்பசி 9, இரவு.

அவித்த முட்டைகளை அம்மா இன்று எங்கள் டீக்கடையில் பச்சை முட்டை அட்டையிலேயே ஆற வைத்துவிட்டார். எது எதுவென்று தெரியவில்லை. ஒவ்வொன்றாக மேசையில் சுழற்றிப் பிரித்தேன். அவித்தது சீராகச் சுழலும். பச்சை முட்டை தள்ளாடும், உள்ளிருக்கும் திரவம் ஓட்டோடு சேர்ந்து சுற்றாது.

"என்ன ஆத்தா, பம்பரமா விடுற?" என்றார் போண்டா தின்ற ஆட்டோக்கார அண்ணன். வேறு நாளாக இருந்தால் உள்ளே போயிருப்பேன். இன்று சொன்னேன். பூமிக்குள்ளும் இரும்பு உருகிக் கிடக்கிறது. முழுக்கக் கெட்டியாக இருந்தால் பூமி சுழலும்போது வேறு மாதிரி ஆடும். உடைத்துப் பார்க்க முடியாததால், ஆட்டத்தை அளந்தும் உள்ளே இருப்பதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

"அப்ப பூமி இன்னும் வேகலையா?"

"நடுவுல மட்டும் கெட்டிண்ணே."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவள் பரீட்சை எப்படி எழுதுவாள் என்றே, பள்ளியை விட்ட நான் தனியாகப் பத்தாவது எழுதக் கேட்டபோதெல்லாம் அம்மா மறுத்துவந்தார். கடை மூடும்போது அவரே கேட்டார், "பத்தாவது எழுத எங்கன போயிப் பதியணும்?"

சொன்னேன்.

"வெள்ளிக்கிழமை போவோம்."

எழுதிவிடுவேன். கணக்கு மட்டும்தான் கொஞ்சம்...