முதலில் போனவள்

முடிச்சூர்
டிசம்பர் 22

பிரியமான பெர்சிஸ் அப்பாவுக்கு,

கிறிஸ்டினா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையில் நாங்கள் இருவரும் சுகம். மஸ்கட்டில் உங்கள் இருமல் நின்றதா? போனில் பேசினால் அழுதுவிடுவேன், சொல்ல வந்தது நின்றுவிடும். அதனால்தான் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்புகிறேன். உங்கள் தம்பி சொல்வதற்கு முன் இதை முழுவதும் படித்துவிடுங்கள்.

பெர்சிஸ் காலில் பிளேட் வைத்த இடம் இந்தக் குளிருக்கு வலிக்கிறது. இன்னும் சாய்ந்துதான் நடக்கிறாள்.

இரண்டு வாரம் முன்பு ஞாயிறு பள்ளியில் என் வகுப்புக்குக் கிறிஸ்துமஸ் பாடம் 'தயவு'. பழைய சட்டை கொடுப்பதுதான் தயவு என்றார்கள் பிள்ளைகள். "நாம யாரும் கூப்பிடல, நமக்குத் தகுதியும் இல்ல. ஆனாலும் ஆண்டவர் குழந்தையா நம்மகிட்ட வந்தார். யாரைப் பிடிக்கலையோ அவங்ககிட்ட நாம முதல்ல போறதுதான் தயவு" என்றேன். சொல்லும்போது எனக்கே நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும், "அம்மா, கிறிஸ்துமஸ்க்கு ஜெயஸ்ரீயைக் கூப்பிடட்டுமா?" என்று பெர்சிஸ் கேட்டாள். ஜூலையில் போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டி நம் பிள்ளையை இடித்தாரே ஆட்டோக்காரர் வெற்றிவேல், அவர் மகள். பள்ளிக்கூடத்தில் பெர்சிஸ் வகுப்புதான். விபத்துக்குப் பிறகு அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லையாம். அந்தப் பேச்சே இந்த வீட்டில் எடுக்கக் கூடாது என்று கத்திவிட்டேன். "அப்ப கிளாஸ்ல சொன்னது சும்மாவாம்மா?" என்றாள். நான் சமையலறைக்குள் போய்விட்டேன்.

நேற்று ஆராதனை முடிந்து பார்த்தால் பிள்ளையைக் காணோம். பாட்டு ஒத்திகையில் இல்லை, வாசலில் அவள் செருப்பும் இல்லை. ரோட்டைத் தாண்டிப் போனதாக வாட்ச்மேன் சொன்னார். அவளை இடித்த அதே ரோடு. அந்தக் காலோடு. உங்கள் தம்பி பைக்கில் என்னை ஏற்றிக்கொண்டு சந்து சந்தாகத் தேடினார். "ஆட்டோக்காரரு வூட்டாண்ட ஒரு பாப்பா போச்சே" என்றார் ஒரு கடைக்கார அம்மா.

வெற்றிவேல் வாசலில் நின்றிருந்தார். உள்ளே பெர்சிஸ், வகுப்பில் கொடுத்த கேக்கை ஜெயஸ்ரீக்குப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். உங்கள் தம்பி எதையும் விசாரிக்காமல் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "காலை உடைச்சது போதாதா, பிள்ளையைத் தூக்கிட்டு வேற வருவியா?" தெரு கூடிவிட்டது. அவர் மனைவி கனகவல்லி கையெடுத்துக் கும்பிட்டு அழுதார்.

வெற்றிவேல் தடுக்கவே இல்லை. "நான் இட்டாரல சார். பாப்பா தானா வந்துச்சு. கொண்டாந்து வுடலாம்னு வண்டிய எடுத்தேன். பாப்பாவ அதுல ஏத்த பயமா கீது சார். அதான் சர்ச்சுக்கு ஆள் அனுப்பிட்டு நின்னுகினு கீறேன்" என்றார்.

உங்கள் தம்பி கையை ஓங்கிவிட்டார். பெர்சிஸ் நொண்டிக்கொண்டே எழுந்து வந்தாள். வந்து என்னையே பார்த்தாள்.

அடிக்கட்டும் என்றுதான் எனக்கும் இருந்தது. ஆனால் அவள் பார்வை என்னை விட்டு நகரவில்லை. ஓங்கிய கையைப் பிடித்து இறக்கினேன். உள்ளே போய் ஜெயஸ்ரீ பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். கனகவல்லி தண்ணீர் கொடுத்தார். வாங்கி முழுவதும் குடித்தேன். கிளம்பும்போது, கிறிஸ்துமஸ் மதியம் மூன்று பேரும் சாப்பிட வாருங்கள் என்று என் வாயாலேயே சொன்னேன். வெற்றிவேல் தலை நிமிரவில்லை. கனகவல்லிதான் வருகிறோம் என்றார்.

மன்னித்துவிட்டாயா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியவில்லை. கேஸ் அது பாட்டுக்கு நடக்கட்டும். அதைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. உங்கள் தம்பி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை, நட்சத்திரம் கட்டவும் வரவில்லை. நானே ஸ்டூல் போட்டுக் கட்டினேன், கொஞ்சம் கோணலாகத் தொங்குகிறது. பெர்சிஸ் நேற்று நன்றாகத் தூங்கினாள்.

கிறிஸ்துமஸ் அன்று மதியம் நீங்கள் வீடியோவில் கூப்பிடுவீர்கள். அவள் போனை வாங்கி எல்லாரையும் காட்டுவாள், வெற்றிவேல் முகமும் வரும். நீங்கள் பேச வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். பாதியில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தூர தேசத்தில் உங்களைக் காக்கிற ஆண்டவர், நம் இருவர் மனதுக்கும் சமாதானம் தருவாராக.

உங்கள்
கிறிஸ்டினா