அது மாதா இல்லை

அன்புத் தங்கைக்கு,

குவாங்சோவில் இருந்து நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. படகிலும் சிரிக்கிறாய், கோபுரத்திலும் சிரிக்கிறாய். சந்தோஷம்.

கடைசிப் படத்தை ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குக் காட்டினேன். வெள்ளை முக்காடு போட்ட சிலை, கையில் குழந்தை. அம்மா போனை வாங்கி முத்தமிட்டார். "பார், சின்னவள் எனக்காக ஊருக்கு, மடு மாதா கோயிலுக்குப் போயிருக்கிறாள்" என்று, தமிழே தெரியாத பக்கத்துக் கட்டில் கிழவிக்கும் காட்டினார்.

அம்மாவை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை. "அது மாதா இல்லையம்மா. சீனாக்காரரின்ரை குவான்யின். சின்னவள் ஊர் சுத்திப் பார்க்கப் போனவள்" என்றேன்.

"அப்ப எனக்காகச் செபிக்கேல்லையோ?"

"இல்லை" என்றேன்.

அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு யாரோடும் பேசவில்லை.

அடக்கம் வியாழக்கிழமை முடிந்துவிட்டது. உன் பயணத்தைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் உனக்கு அறிவிக்கவில்லை. இங்கே லா சப்பலில் தமிழ்க் கடைக்கதவுகளில் ஒட்டிய மரண அறிவித்தலில் உன் பெயரும் இருக்கிறது. நீ ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் அந்தப் படங்களைக் காட்டினேன்.

சிலையின் படத்துக்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "இவ கருணைத் தெய்வமாம். அம்மா பிழைக்க வேணுமெண்டு முழந்தாளிலை நிண்டு மன்றாடினனான்."

அதை மட்டும் நான் அம்மாவுக்கு வாசித்துக் காட்டவில்லை.

உன் அக்கா