தாடிக்காரனைக் குளிப்பாட்டிய கதை

பிப்ரவரி 9, திங்கள்

அலுவலகத்திலிருந்து வந்ததும் வராததுமாக, நான் சேர்த்த பழங்காசுப் பெட்டியைத் திறந்தேன். ஜெர்மனியின் பழைய பிரஷ்ய வெள்ளிக் காசு, மார்க் ஒன்றை உருப்பெருக்கியின் கீழே வைத்தேன். சுற்றியுள்ள எழுத்தெல்லாம் துல்லியம். மன்னரின் முகம் இருக்க வேண்டிய நடுவிடத்தில் மட்டும் ஒரு கறை. கண்ணாடியைத் துடைத்தேன். போகவில்லை. காசைத் திருப்பினால், பின்பக்கத்துக் கழுகின் நெஞ்சிலும் அதே கறை.

"என்ன, ராஜாவுக்கு மூக்கு ஒடைஞ்சு போச்சா? இப்படி முறைக்கிறீங்க?" என்றாள் மனைவி.

"காசு கறுத்துப் போச்சு" என்றேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

பிப்ரவரி 12

எல்லாக் காசிலும் கறை. சுவர்க் கடிகாரத்திலும்.

பிப்ரவரி 20, வெள்ளி

கண் மருத்துவர் கட்டம் போட்ட அட்டையைக் காட்டி, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். எந்தப் புள்ளி? கோடுகள் எல்லாம் நெளிந்தன. விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுக்கொண்டு வருகிறதாம். இந்த வகைக்கு மருந்து இல்லையாம்.

"பயப்படாதீங்க. ஓரப் பார்வை கடைசி வரைக்கும் இருக்கும். நடுவுல மட்டும்தான் போகும்."

நடுவில்தானே ஐயா எல்லாம் இருக்கிறது! கேட்கவில்லை. தலையாட்டிவிட்டு வந்தேன்.

வீட்டில் கண்ணாடி மாற்றச் சொன்னார் என்று புளுகினேன். அவளுக்குத் தெரிந்தால் வீடு வீடாக இருக்காது. அதனால்தானா? இல்லை, சொன்னால் உண்மையாகிவிடும் என்ற பயம்.

மார்ச் 1, ஞாயிறு

தாடிக்காரனை எடுத்தேன். அவள் வைத்த பெயர்தான். நானூறு வருடத்துக்கு முந்தைய பிரன்ஸ்விக் தாலர், பெரிய ஜெர்மன் வெள்ளிக் காசு. வேரோடு பிடுங்கிய மரத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பெல்லாம் ரோமமாக நிற்கும் காட்டு மனிதன். கழுகும் கிரீடமும் நிறைய வைத்திருக்கிறேன். மனசு ஒட்டியது இவனிடம்தான். பள்ளங்களில் கருநீலம், மேடுகளில் சாம்பல். அந்தக் கருமைதான் தாடியை இழை இழையாகக் காட்டும்.

இன்று பாதமும் மரத்தின் நுனியும் தெரிந்தன. ஆளைக் காணோம்.

"இன்னுமா பாக்குறீங்க?"

"ரொம்பக் கறுத்துட்டான்." மறுபடியும் அதே பொய்.

மார்ச் 8, ஞாயிறு



நான் கடைக்குப் போய்த் திரும்பினேன். "கண்ண மூடிக்கிட்டு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். மேசை மேல் துண்டு விரித்து, என் வெள்ளிக் காசுகள் அத்தனையும். பளபளவென்று. பக்கத்தில் பற்பசை, பாத்திரம் தேய்க்கும் கம்பி நார்.

"தாடிக்காரனைக் குளிப்பாட்டிட்டேன்! கறுத்துட்டான் கறுத்துட்டான்னு புலம்பினீங்களே. அழுத்தித் தேய்ச்சதுல எனக்கு விரலே மரத்துப் போச்சு."

ஐயோ. காசு சேர்க்கிற எவனும் காசைத் தேய்ப்பானா? ஓரத்தை மட்டும் பிடிப்போம், முகத்தில் மூச்சுக் காற்றுகூடப் படவிட மாட்டோம். போன கருமை என் ஆயுளுக்குள் வராது.

கூட இருந்து பார்த்த அவளுடைய அண்ணன் வேறு, "இப்பதான் மாப்ளே, காசு காசு மாதிரி இருக்கு" என்றார்.

யாரைத் திட்டுவது? கறுத்துப் போச்சு என்று சொன்ன வாய் எது? "நல்லா இருக்கு" என்றேன். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 9

தாடி தெரியவில்லை. என் கண்ணாலா, அந்தக் கம்பி நாராலா? யாரிடம் கேட்பேன்?

மார்ச் 15, ஞாயிறு

சாப்பிடும்போது என் தட்டைப் பிடுங்கி வைத்துவிட்டாள்.

"ஒரு வாரமா என் மூஞ்சியப் பாத்து ஒரு வார்த்தை பேசல. காதைப் பாத்துப் பேசுறீங்க, சுவத்தைப் பாத்துப் பேசுறீங்க. நெட்ல போட்டுப் பாத்துட்டேன், தேய்க்கவே கூடாதாமே. திட்டணும்னா திட்டித் தொலைங்க. இப்படி மூஞ்சியத் திருப்பிக்காதீங்க."

"காதைப் பாத்தாதான்டி உன் மூஞ்சி ஓரத்துல கொஞ்சமாவது தெரியுது. நேரா பாத்தா நீ இல்ல."

சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை. எழுந்து வந்து என் முகவாயைப் பிடித்துத் தன் காதுப் பக்கம் திருப்பினாள்.

"இப்பத் தெரியுதா?"

"கொஞ்சம்."

"இந்தப் பக்கம்?"

சோறு ஆறிப் போயிற்று. இரண்டு பேருமே சாப்பிடவில்லை.

ஏப்ரல் 19

எழுதிய வரி மேலேயே மறு வரி எழுதுகிறேனாம். அவள் சொன்னாள். நிறுத்துகிறேன்.

மே 24, ஞாயிறு

நான் சொல்ல அவள் எழுதுகிறாள். சொந்தச் சரக்கைச் சேர்க்கக் கூடாது என்று நிபந்தனை.

சாயங்காலம் தாடிக்காரனைக் கையில் கொடுத்தாள். பழக்க தோஷம், ஓரத்தைத்தான் பிடித்தேன். "இனிமே என்னங்க, நல்லாத் தொட்டுப் பாருங்க" என்றாள். முதல் தடவையாக அவன் மேல் கட்டைவிரலை வைத்தேன். ஒரு மேடு. அது மரமா, கையா? பிடிபடவில்லை. விரலுக்கும் ஒன்றும் வசப்படவில்லை.

"தாடி இருக்கா?" என்று கேட்டேன்.

காசை வாங்கி விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தாள். "இருக்கு. ஒவ்வொரு இழையும் இருக்கு. நான் தேய்ச்சும் போகல."

அப்பாடா. அது போதும்.

இனி, அவர் சொல்லாமல் நானே எழுதுவது. தாடி இல்லை. நான் தேய்த்ததில் போய்விட்டது. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்கிறார். 'அது போதும்' என்ற வரியோடு படிப்பதை நிறுத்திக்கொள்வேன்.